பீட்டர்ஸ்பர்க்கில் நான்கு நாள்: அரண்மனைச் சதுக்கமா, கலைச் சதுக்கமா?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு நான்கு நாள் பயணமாகப் போகிறவர், எதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிடலாம் என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1703இல் பேரரசர் பீட்டர் நேவா ஆற்றின் சதுப்பு நிலத்தில் கோட்டை எழுப்பத் தொடங்கியதிலிருந்து, 1918இல் தலைநகரம் மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டது வரையிலான காலத்தில், ரஷ்யப் பேரரசின் செல்வமும் கலையார்வமும் பெருமளவு இந்த ஒரே நகரத்தில் வந்து குவிந்தன. அரண்மனைகள், ஓவியக் கூடங்கள், பாலே அரங்குகள், இசை மன்றங்கள், எழுத்தாளர்கள் வாழ்ந்து மறைந்த வீடுகள் என்று பார்க்கத் தகுந்தவை தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நகரின் வரலாற்று மையம் முழுவதையுமே 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனையையும் நான்கு நாளில் தொட்டுவிட முயல்கிறவருக்கு ஊர் திரும்பியபின் நினைவில் நிற்பது பெரும்பாலும் வரிசையில் நின்றதும் கால் வலித்ததும்தான். ஆகவே இங்கே இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஒவ்வொரு இணையிலும் எதைத் தேர்ந்தெடுக்கலாம், ஏன் என்று என் முடிவைச் சொல்ல முயல்கிறேன்.

முடிவுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் மூன்று. முதலாவது மொழி: ரஷ்ய மொழி தெரியாதவர் அந்த இடத்திலிருந்து எவ்வளவு பெற்றுக்கொள்ள முடியும்? இரண்டாவது பருவம்: ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் முழுதாக அணையாத இந்நகரத்தில் டிசம்பரின் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, ஒரு பருவத்தில் அற்புதமாக இருக்கும் இடம் இன்னொரு பருவத்தில் வெறும் தோட்டம். மூன்றாவது, தமிழ் வாசகருக்கே உரியது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் வழியாகத் தஸ்தயேவ்ஸ்கியையும் தல்ஸ்தோயையும் கோகோலையும் பள்ளி, கல்லூரி நாள்களிலேயே படித்து வளர்ந்த ஒரு பெரிய வாசகர் கூட்டம் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்நகரம் முற்றிலும் புதிய ஊரல்ல. ஏற்கெனவே மனத்தில் இருக்கும் அந்த ஊரை எந்த இடம் கண்முன் கொண்டுவருகிறது என்பதும் தேர்வில் இடம்பெற வேண்டும்.

பகலுக்கு: ஹெர்மிடேஜா, ரஷ்ய அருங்காட்சியகமா?

பெரும்பாலான பயணத் திட்டங்கள் அரண்மனைச் சதுக்கத்தில் தொடங்குகின்றன. அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. 1764இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் பெர்லின் வணிகர் ஒருவரின் ஓவியத் தொகுப்பை வாங்கியதில் தொடங்கி, 1852இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. ராஸ்ட்ரெல்லி வடிவமைத்து 1762இல் முடிந்த குளிர்கால அரண்மனையும், அதை ஒட்டி நேவாக் கரையில் வரிசையாக நிற்கும் கட்டடங்களும், சதுக்கத்தின் எதிர்ப்புறம் வில்லாக வளைந்த பழைய இராணுவத் தலைமையகமும் சேர்ந்ததே அதன் இருப்பிடம். லியொனார்டோ டா வின்சியின் இரண்டு மடோன்னா ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. சைபீரிய மலைக் கல்லறை ஒன்றில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்ததால் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியாமல் தப்பிய பசிரிக் கம்பளமும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஹெர்மிடேஜுக்கு ஒரு சிக்கல் உண்டு, அது அதன் செழிப்பிலிருந்தே வருகிறது. பொன் பூசிய சுவர்களும் பச்சை மாலகைட் கல் தூண்களும் சரவிளக்குகளும் மரக்கோலத் தரைகளும் ஓவியங்களோடு போட்டியிட்டுக் கண்ணை இழுக்கின்றன. இரண்டு மணி நேரம் கழிந்ததும், எதைப் பார்த்தாலும் அடுத்த அறைக்கு நகரும் வழி எது என்றுதான் மனம் தேடும். கோடைக்கால மதியங்களில் குழுப் பயணிகளின் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். இங்கே போகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: காலையில் திறந்தவுடன் உள்ளே போங்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ரெம்பிராண்ட் அறைக்கு நேராகச் செல்லுங்கள். ஊதாரி மகன் திரும்பி வந்த காட்சியை அவர் தம் கடைசிக் காலத்தில் தீட்டிய ஓவியம் அங்கே தொங்குகிறது. ஆளை விட உயரமான துணி. மண்டியிட்ட மகனின் தேய்ந்த காலணியும் வெளியே தெரியும் உள்ளங்காலும். அவன் முதுகின் மேல் படிந்திருக்கும் கிழத் தந்தையின் இரண்டு கைகள். விவிலியக் கதை தெரியாதவருக்கும் அந்தக் கைகள் புரியும். அடுத்த ஒரு மணி நேரத்தைச் சதுக்கத்தைக் கடந்து இராணுவத் தலைமையகக் கட்டடத்தில் செலவிடலாம். மாஸ்கோ வணிகர் செர்கேய் ஷூகின் தம் மாளிகைப் படிக்கட்டுக்காகப் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸிடம் கேட்டு வாங்கிய 'நடனம்' என்ற 1910ஆம் ஆண்டு ஓவியம் அங்கே இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு. அறைகள் வெண்மையாகவும் அமைதியாகவும் இருப்பதால் அரண்மனையில் களைத்த கண் தெளிந்துவிடும்.

ரஷ்ய அருங்காட்சியகம் இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நகரின் முதன்மைத் தெருவான நெவ்ஸ்கி சாலையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் கலைச் சதுக்கத்தில், கார்லோ ரோஸ்ஸி 1825இல் கட்டி முடித்த மிஹாய்லோவ்ஸ்கி அரண்மனையே அதன் இல்லம். 1895இல் பேரரசர் இரண்டாம் நிக்கலாயின் ஆணையால் நிறுவப்பட்டு 1898இல் திறக்கப்பட்டது. ஹெர்மிடேஜ் ரஷ்யா உலகத்திடமிருந்து சேர்த்ததைக் காட்டுகிறதென்றால், இங்கே ரஷ்யா தன்னைத்தானே எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பொற்கூந்தல் தேவதூதர் திருவுருவத்தில் தொடங்கி, திருவுருவ ஓவியர் ருப்லேவின் காலத்தைக் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் ஓவியங்கள் வழியாக இருபதாம் நூற்றாண்டு ஓவியர் மாலெவிச் வரை ஒரே கோட்டில் நடந்துவிடலாம். ஒரு நாட்டின் எண்ணூறு ஆண்டுக் கதையை ஒரே நாளில் தொடர்ச்சியாகப் பார்க்க முடிவதுதான் இதன் பெரும் பலம்.

இங்குள்ள ஓவியங்களின் அளவே முதலில் திகைக்க வைக்கும். பாம்பேய் நகரின் அழிவைப் பிரியுல்லோவ் தீட்டிய துணி ஆறரை மீட்டர் அகலமும் நாலரை மீட்டர் உயரமும் கொண்டது. ஐவசோவ்ஸ்கியின் 'ஒன்பதாவது அலை' (1850), உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதர்கள் மேல் காலை வெயில் பட்ட பச்சைக் கடலைப் பாய விடுகிறது. ஆயினும் நான் எவரையும் முதலில் அழைத்துச் செல்ல விரும்புவது இல்யா ரேப்பின் 1870க்கும் 1873க்கும் இடையில் தீட்டிய வோல்கா படகிழுப்பாளர்கள் ஓவியத்துக்குத்தான். மணற்கரையில் பதினொரு பேர், மார்பில் தோல்வாரைப் பூட்டிக்கொண்டு, கயிறு கட்டிய படகை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார்கள். எல்லோரும் தலை கவிழ்ந்திருக்க, நடுவில் ஓர் இளைஞன் மட்டும் வாரைத் தளர்த்தப் பார்த்தபடி நிமிர்ந்து தொலைவை நோக்குகிறான். ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தவர் இந்த முகங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். அறிமுகமான ஊரில் அறிமுகமான மனிதர்களைக் கண்ட உணர்வு அது. ஹெர்மிடேஜின் இத்தாலிய, டச்சு அறைகளில் அது கிட்டாது.

கூயின்ஜியின் நிலவொளி ஓவியத்தையும் தவறவிடக் கூடாது. தினீப்பர் ஆற்றின் மேல் முழு நிலவைக் காட்டும் இந்த ஒற்றை ஓவியத்தை அவர் 1880இல் இருட்டாக்கிய அறையில் தனியே காட்சிக்கு வைத்தார். துணிக்குப் பின்னால் விளக்கு ஏதேனும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்வையாளர்கள் தேடினார்கள் என்பது அன்றைய செய்தி. நூற்று நாற்பது ஆண்டுகளில் வண்ணம் கருத்துவிட்டது. இருந்தும் அந்த ஒளி இன்னும் எட்டி நிற்க வைக்கிறது.

எனவே என் முடிவு இப்படி அமைகிறது. ஐரோப்பாவின் பெரிய ஓவியக் கூடம் எதையும் இதுவரை பார்த்ததில்லை, இனிப் பார்க்கும் வாய்ப்பும் அரிது என்று இருப்பவருக்கு ஹெர்மிடேஜே பொருத்தம். ரெம்பிராண்டையும் லியொனார்டோவையும் ஒரே காலையில் காணும் வாய்ப்பை விடச் சொல்ல மாட்டேன். ரஷ்ய இலக்கியத்தின் மீதோ வரலாற்றின் மீதோ பற்றுக்கொண்டு இந்நகருக்கு வருகிறவர், நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், தயங்காமல் ரஷ்ய அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டுக்கும் நேரம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். ஹெர்மிடேஜுக்கு வார விடுமுறை திங்கள், ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் என்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் மூன்றாவதாக வருவது வாசிலி தீவின் கரையில், அரண்மனைக்கு எதிரே நீல நிறக் கோபுரத்தோடு நிற்கும் குன்ஸ்ட்கமேரா. 1714இல் பேரரசர் பீட்டர் நிறுவிய ரஷ்யாவின் முதல் பொது அருங்காட்சியகம் இது. பலரும் இங்கே வருவது, டச்சு உடற்கூற்று வல்லுநர் ரூயிஷிடமிருந்து 1717இல் பீட்டர் வாங்கிய கண்ணாடிக்குடுவைச் சேகரிப்பைப் பார்க்க. குறையுற்றுப் பிறந்த சிசுக்களின் உடல்கள் அவற்றில் உள்ளதால், குழந்தைகளை அந்த அறைக்குள் அழைத்துச் செல்வதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டும். தமிழர்களுக்கு இங்கே வேறொரு காரணம் இருக்கிறது. இதன் பெரும்பகுதி உலக மக்களின் வாழ்வியல் அருங்காட்சியகம். அதன் சார்பில் அலெக்சாந்தர் மெர்வார்த்தும் லுத்மிலா மெர்வார்த்தும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்து பொருள்களைத் திரட்டினார்கள். திரும்பிய பிறகு அலெக்சாந்தர் மெர்வார்த் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி 1929இல் லெனின்கிராதில் (இந்நகரின் அன்றைய பெயர்) வெளியிட்டார். அடுத்த ஆண்டே கைது செய்யப்பட்டு, 1932இல் தண்டனை முகாமில் இறந்தார். தமிழைக் கற்று, தம் நாட்டவருக்குக் கற்பித்து, அந்த நாட்டின் சிறையிலேயே மடிந்த ஒருவர் பணியாற்றிய கட்டடம் என்பதற்காகவே அங்கு ஒரு மணி நேரம் செலவிடுவது தகும் என்று நினைக்கிறேன்.

மாலைக்கு: எந்த அரங்கு?

மொழி என்ற அளவுகோல் இங்கேதான் கடுமையாக வேலை செய்கிறது. நெவ்ஸ்கி சாலையை ஒட்டி ரோஸ்ஸி கட்டிய அலெக்சாந்திரின்ஸ்கி நாடக அரங்கு (1832) மிக அழகானது. கோகோலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' 1836இல் முதன்முதலாக மேடையேறியதும், செகாவின் 'கடற்புறா' 1896இல் முதல் நாளிலேயே ஏளனத்துக்குள்ளாகித் தோற்றதும் அந்த மேடையில்தான். ஆனால் ரஷ்ய மொழி புரியாதவர் மூன்று மணி நேர உரையாடல் நாடகத்தில் அமர்ந்திருப்பது மேடைக்கும் மரியாதையாகாது, அவருக்கும் பயனில்லை. கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அதன் பின்னால் 220 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் இருபுறமும் 22 மீட்டர் உயரக் கட்டடங்களும் கொண்ட ரோஸ்ஸி தெருவில் நடந்துவிட்டு வரலாம். புகழ்பெற்ற வகானவா பாலே பள்ளி அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஃபன்தான்கா ஆற்றங்கரையில் 1877இல் கட்டப்பட்ட கல் சர்க்கஸ் அரங்குக்கு மொழி தடையில்லை. சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது பொருந்தும். விலங்குகளை வைத்து வித்தை காட்டுவதை விரும்பாதவர்கள் நிகழ்ச்சி விவரத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

உண்மையான தேர்வு, பாலே அரங்குகளான மரீன்ஸ்கி, மிஹாய்லோவ்ஸ்கி, சிம்பொனி இசைக்கான ஃபில்ஹார்மோனியா ஆகிய மூன்றுக்கும் இடையில்.

மரீன்ஸ்கி 1860இல் திறக்கப்பட்டது. சாய்கோவ்ஸ்கியின் 'உறங்கும் அழகி' 1890இலும் 'நட்கிராக்கர்' 1892இலும் இங்கேதான் முதலில் ஆடப்பட்டன. மாஸ்கோவில் பெரிதாக எடுபடாமல் போயிருந்த 'அன்னப்பறவை ஏரி' பெத்திபா, இவானவ் இருவரின் நடன அமைப்பில் 1895இல் இங்கே மறுபிறவி எடுத்தது. இன்று உலகெங்கும் ஆடப்படுவது பெரும்பாலும் அந்த வடிவத்தை ஒட்டியதே. பாலேயின் தாய்வீட்டில் பாலே பார்க்க வேண்டும் என்பவருக்கு இதற்கு மாற்றில்லை. ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்: மரீன்ஸ்கி என்ற பெயரில் அருகருகே மூன்று அரங்குகள் இயங்குகின்றன. நீலமும் பொன்னுமாக மின்னும், ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட பழைய அரங்கு ஒன்று. கால்வாயின் மறுகரையில் 2013இல் திறக்கப்பட்ட இரண்டாம் மேடை மற்றொன்று. இசை அரங்கு மூன்றாவது. பார்வைக்கும் ஒலிக்கும் புதிய மேடை எந்தக் குறையும் இல்லாதது என்றாலும், படங்களில் பார்த்த பழைய அரங்கை மனத்தில் வைத்துக்கொண்டு நுழைவுச்சீட்டு வாங்கியவர் புதிய கட்டடத்தின் வாசலில் நின்று ஏமாறுவதுண்டு. சீட்டு வாங்கும்போது எந்த மேடை என்பதைக் கட்டாயம் பாருங்கள். பழைய அரங்கின் பக்க மாடங்களில் பின்வரிசை மலிவாகக் கிடைத்தாலும் மேடையின் பாதி மறைந்துவிடும். அதைவிட மேல்தளத்தின் நடுப்பகுதி நல்லது, சற்றுத் தொலைவாக இருந்தாலும் நடனக் குழுவின் கோலங்கள் மேலிருந்து முழுமையாகத் தெரியும்.

மிஹாய்லோவ்ஸ்கி அரங்கு 1833இல் திறக்கப்பட்டது, கலைச் சதுக்கத்திலேயே இருக்கிறது, மரீன்ஸ்கியைவிடச் சிறியது. ஷோஸ்தகோவிச்சின் 'மத்சென்ஸ்க் மாவட்டத்துச் சீமாட்டி மக்பெத்' என்ற ஆப்பெரா 1934இல் முதலில் மேடையேறியது இங்கேதான். அரங்கு சிறியது என்பதால் நடனக் கலைஞர்களின் முகபாவமும் மூச்சும் தெரியும் அளவுக்கு நெருக்கம் கிடைக்கும். முதன்முறை பாலே பார்க்கிறவருக்கும் குழந்தைகளோடு வருகிறவருக்கும் மரீன்ஸ்கியைவிட இதையே சொல்வேன். மரீன்ஸ்கிக்குப் போக, அருகிலுள்ள சென்னயா சதுக்க மெட்ரோவிலிருந்து இருபது நிமிடம் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அது நெடுந்தூரம். மிஹாய்லோவ்ஸ்கியோ நெவ்ஸ்கி சாலை மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிடம்தான்.

மூன்றாவது இடமாகிய ஃபில்ஹார்மோனியாவின் பெரிய மன்றத்தைப் பயணிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதே கலைச் சதுக்கத்தின் மூலையில், ஒருகாலத்தில் பிரபுக்கள் கூடிய மன்றத்தில், வெள்ளைத் தூண்களின் வரிசைக்கு நடுவே இசைக்குழு அமர்கிறது. சாய்கோவ்ஸ்கி தம் ஆறாவது சிம்பொனியை 1893 அக்டோபர் 28 அன்று இங்கே தாமே நடத்தி அரங்கேற்றினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே மன்றம் இன்னும் பெரியதொரு மாலையைக் கண்டது. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் நகரை வளைத்தன. முற்றுகை 872 நாள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் தொழிலாளரல்லாதவருக்கு நாளுக்கு 125 கிராம் ரொட்டிதான் பங்கீடு. அந்த நகரத்துக்காக ஷோஸ்தகோவிச் எழுதிய ஏழாவது சிம்பொனியை வாசிக்க வானொலி இசைக்குழுவை நடத்துநர் எலியாஸ்பெர்க் கூட்டியபோது, வாசிக்கும் நிலையில் பதினைந்து பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். ஊதுகருவி வாசிக்க மூச்சு இல்லை. போர்முனையிலிருந்து இசை தெரிந்த வீரர்களை வரவழைத்து, கூடுதல் உணவு கொடுத்து, 1942 ஆகஸ்ட் 9 அன்று முழுப் படைப்பையும் வாசித்தார்கள். கச்சேரி நேரத்தில் குண்டு விழாமலிருக்க சோவியத் பீரங்கிகள் முன்னதாகவே எதிரி நிலைகளைத் தாக்கி அடக்கின. தெருவெங்கும் ஒலிபெருக்கிகள் அந்த இசையைப் பரப்பின. அந்த மன்றத்தில் எந்த இசையைக் கேட்டாலும், எந்தக் குழு வாசித்தாலும், கேட்கிறவர் ஓர் எளிய பயணியாக அமர்ந்திருக்க முடியாது. நுழைவுச்சீட்டும் பாலே விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். தூண்களுக்குப் பின்னுள்ள மேல்மாடத்தில் மேடை சரியாகத் தெரியாது; ஓசைக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை.

ஒரே ஒரு மாலை என்றால் பழைய மரீன்ஸ்கியில் பாலே என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை மறுக்க மாட்டேன். இரண்டு மாலைகள் உள்ளவர் இரண்டாவதையும் பாலேக்குக் கொடுக்காமல் ஃபில்ஹார்மோனியாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஒன்றைக் கவனியுங்கள்: கோடையின் பிற்பகுதியில், குறிப்பாக ஆகஸ்டில், பெரிய குழுக்கள் பலவும் விடுமுறையில் இருக்கும். அந்த வாரங்களில் சிறிய மண்டபங்களில் பயணிகளுக்கென்றே கூலிக்குச் சேர்த்த குழுக்களின் 'அன்னப்பறவை ஏரி' அதிக விலைக்கு விற்கப்படும். அரங்கின் பெயரோடு ஆடும் குழுவின் பெயரையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நகருக்கு வெளியே ஒரு நாள்

இங்கே முடிவெடுப்பது எளிது, ஏனெனில் பருவமே முடிவு செய்துவிடுகிறது. பீட்டர்ஹோஃப் தோட்டத்தின் நீரூற்றுகள் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான் இயங்கும். அந்த மாதங்களில் போகிறவர் அரண்மனைக் கரையிலிருந்து விரைவுப் படகில் பின்லாந்து வளைகுடா வழியாக அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து, காலை 11 மணிக்கு இசையோடு ஊற்றுகள் திறக்கப்படும் வேளையில் பெரிய அருவிக்கு எதிரே நிற்க வேண்டும். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்கு நீர் பீறிடும். இத்தனை ஊற்றுகளுக்கும் விசைப்பொறி எதுவும் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு: தெற்கே ரோப்ஷா மேட்டு நிலத்துச் சுனைகளிலிருந்து கால்வாய் வெட்டி, குளங்களில் தேக்கி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே 1720களிலிருந்து இவை இயங்குகின்றன. ஏரியும் மடையும் வாய்க்காலும் அறிந்த நமக்கு அந்த அமைப்பின் நுட்பம் உடனே பிடிபடும்.

மற்ற மாதங்களில், நகருக்குத் தெற்கே உள்ள அரண்மனை ஊரான த்ஸார்ஸ்கோயே செலோவே சரி. ரஷ்யாவின் முதல் ரயில்பாதை 1837இல் அங்கேதான் போடப்பட்டது. இன்றும் வீதெப்ஸ்கி நிலையத்திலிருந்து அரை மணி நேர ரயில் பயணம். அங்குள்ள கேத்தரின் அரண்மனையில், அம்பர் என்னும் பொன்னிற மரப்பிசின் கல்லால் இழைத்த அம்பர் அறை, பிரஷ்ய மன்னர் 1716இல் பீட்டருக்குப் பரிசளித்தது. 1941இல் ஜெர்மானியர் பெயர்த்துக்கொண்டு போன மூலப் பலகைகள் திரும்பவில்லை. இன்று காண்பது 1979 முதல் 2003 வரை சோவியத், ரஷ்யக் கைவினைஞர்கள் மீண்டும் செய்தெடுத்தது. கோடையில் அந்த அறைக்குக் காத்திருக்கும் வரிசை பொறுமையைச் சோதிக்கும். பனி படர்ந்த பிப்ரவரியில் அதே அரண்மனை ஏறத்தாழ உங்களுக்கே உரியது போல இருக்கும்.

சிறிய வீடுகள்

பெரிய அரண்மனைகளைவிட இந்தச் சிறிய இல்லங்களே எனக்கு நெருக்கமானவை. நான்காவது நாளின் முற்பகலை இவற்றுக்கு ஒதுக்கச் சொல்வேன். மோய்கா கால்வாய்க் கரையில் 12ஆம் எண் வீட்டில், இருவர் நேருக்கு நேர் மோதும் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்ட புஷ்கின் 1837 பிப்ரவரி 10 அன்று உயிர்விட்டார். அவர் படுத்திருந்த படிப்பறையும், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும், இறந்த நேரமான 2.45இல் நிறுத்தி வைக்கப்பட்ட கடிகாரமும் அங்கே உள்ளன. குஸ்னேச்னி சந்தில் தஸ்தயேவ்ஸ்கி 1878 முதல் 1881இல் இறக்கும்வரை குடியிருந்த வாடகை வீடு இன்னும் எளிமையானது. 'கரமாசவ் சகோதரர்கள்' எழுதப்பட்ட மேசை, தேநீர்க் கோப்பை, குழந்தைகளின் அறை, தெருமுனைத் தேவாலயம் தெரியும் சன்னல். ரஷ்யக் கவிதையை மூலத்தில் படிக்க இயலாத நமக்குப் புஷ்கினின் பெருமை கேள்விப்பட்டதாகவே நின்றுவிடுகிறது. தஸ்தயேவ்ஸ்கியை நாம் தமிழிலேயே படித்து அழுதிருக்கிறோம். ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவது வீட்டுக்குப் போங்கள். பக்கத்திலேயே ஒரு சந்தை இருக்கிறது. அவருடைய கதைமாந்தர்கள் நடமாடிய நெரிசலின் சாயலை அங்கே இன்றும் காணலாம்.

ஃபில்ஹார்மோனியாவுக்குப் போக முடிவு செய்தவர், அதற்கு முன்னதாக சல்யனோய் சந்திலுள்ள முற்றுகை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட வேண்டும். 1949இல் அரசியல் காரணங்களால் மூடப்பட்டு, சேகரிப்பெல்லாம் சிதறடிக்கப்பட்டு, 1989இல்தான் அது மீண்டும் திறந்தது. 125 கிராம் ரொட்டி எவ்வளவு சிறியது என்று அங்கே கண்ணால் பார்த்த பிறகு மன்றத்தில் கேட்கும் இசை வேறாக இருக்கும்.

நாள்களை அடுக்கும் முறை

மேலே சொன்னவற்றில் ரஷ்ய அருங்காட்சியகம், மிஹாய்லோவ்ஸ்கி, ஃபில்ஹார்மோனியா ஆகிய மூன்றும் ஒரே சதுக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. ரோஸ்ஸி அந்தச் சதுக்கத்தை ஒரே கையாகத் திட்டமிட்டதன் பயன் இருநூறு ஆண்டு கழித்து நமக்குக் கிடைக்கிறது. அரண்மனைச் சதுக்கத்தில் ஒரு முற்பகலையும், மரீன்ஸ்கியில் ஒரு மாலையையும் தவிர, மீதியைக் கலைச் சதுக்கத்தை மையமாக வைத்து அமைத்துக்கொண்டால் வண்டியிலும் மெட்ரோவிலும் கழியும் நேரம் பாதியாகக் குறையும். தங்கும் இடத்தையும் அதற்கேற்ப நேவாவின் தென்கரையில் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை நள்ளிரவுக்குப் பின் கப்பல்களுக்காக நேவாப் பாலங்கள் தூக்கப்படும். மெட்ரோவும் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். வாசிலி தீவில் அறை எடுத்தவர் ஜூன் மாத வெண்ணிரவில் கரையில் நின்று ரசித்துவிட்டு, அறைக்குத் திரும்ப வழியின்றி விடியும்வரை நிற்க நேரும். 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லுபடியாவதில்லை என்பதால் முழுச் செலவுக்கும் ரொக்கம் வேண்டும்.

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அரங்குகளின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அருங்காட்சியகத்தை எந்த வாரத்திலும் பார்த்துவிடலாம்; நல்ல பாலேயும் நல்ல சிம்பொனியும் அடுத்தடுத்த மாலைகளில் அமையும் வாரம் அடிக்கடி வராது. அப்படி ஒரு வாரம் அமைந்துவிட்டால், ரஷ்ய அருங்காட்சியகம் மூடும் மாலையில் வெளியே வந்து, சதுக்கத்துப் பூங்காவில் கையை விரித்து நிற்கும் புஷ்கின் சிலைக்கு அருகே பெஞ்சில் சற்று உட்காருங்கள். கச்சேரி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். எதிரே இருக்கும் மன்றத்துக்கு வாத்தியப் பெட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து நுழைவதை அங்கிருந்தே பார்க்கலாம்.